18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் நடத்தும்போது, சதுரங்கப் பலகையில் அரிசியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும் கணக்கைச் சொல்லாத கணக்கு ஆசிரியர் அரிது. நானும் சொல்வேன். அதன் விடைதான் மேலே உள்ள இருபது இலக்க எண். கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆண்டும் ஒன்றேதான். பெற்றோரும், மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவர்களும்கூட அவற்றையே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். மேலே இருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

சார், இந்த எண் எங்கேயிருந்து வந்துச்சு? இதை எப்படி வாசிக்கிறது?

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் அரசர் "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டாராம். "முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு, இப்படி 64 கட்டத்துக்கும் இரட்டித்துத் தந்தால் போதும்" என்றாராம் அவர். அந்த 64 கட்டங்களின் மொத்தம் 18446744073709551615.

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாசிக்க, கோடி கோடியாகப் பிரிப்பது எளிது: 1,84,467 கோடி கோடி, அப்புறம் 44,07,370 கோடி, அப்புறம் 95,51,615.

64 எண்ணையும் கூட்டணுமா? வேற வழி இல்லையா?

கூட்டவே வேண்டாம். 1 + 2 = 3, அது 4-க்கு ஒன்று குறைவு. 1 + 2 + 4 = 7, அது 8-க்கு ஒன்று குறைவு. அடுத்த கட்டத்தின் 8-ஐச் சேர்த்தால் 15, அது 16-க்கு ஒன்று குறைவு. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் மொத்தம், அடுத்த கட்டத்தில் வரவேண்டியதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும்.

காரணம் இதுதான். பலகையில் ஒரு தானியத்தைக் கூடுதலாக முதல் கட்டத்தில் வையுங்கள். இப்போது அங்கே 2 இருக்கிறது. அதை இரண்டாம் கட்டத்தின் 2-உடன் சேர்த்தால் 4, அதை மூன்றாம் கட்டத்தின் 4-உடன் சேர்த்தால் 8 என்று உருண்டுகொண்டே போய், 64-ஆம் கட்டம் முடியும்போது சரியாக 2⁶⁴ ஆகிவிடும். கூடுதலாக வைத்த ஒன்றை எடுத்துவிட்டால் 2⁶⁴ − 1. இந்த "− 1" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணின் அழகு முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

கால்குலேட்டர் இல்லாம 2⁶⁴ போட முடியுமா?

முடியும். 2-ஐ 64 தடவை பெருக்க வேண்டியதும் இல்லை, ஆறு முறை வர்க்கம் எடுத்தால் போதும். 2, 4, 16, 256, 65536, 4294967296, கடைசியாக 2⁶⁴. 64 என்பதே 2-இன் ஆறாவது அடுக்கு என்பதால் கிடைத்த வசதி இது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சதுரங்கக் கணக்கைப் போட்டுக் காட்டிய அறிஞர் அல்-பிருனியும் வர்க்கம் எடுக்கும் வழியில்தான் போனார்.

கடைசி வர்க்கம் ஒன்றுதான் கொஞ்சம் பெரிது. 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 42949-இன் வர்க்கம் 1844616601. இதன் பின்னால் பத்துச் சுழியம். 2 × 42949 × 67296 = 5780591808. இதன் பின்னால் ஐந்துச் சுழியம். 67296-இன் வர்க்கம் 4528751616. மூன்றையும் இடம் பார்த்துக் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். ஒரு பக்கத் தாளில் முடிந்துவிடும். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன்.

ஆனா எக்ஸெல்ல போட்டா கடைசியில சுழியமா வருதே? எது சரி?

கையால் போட்டதுதான் சரி. எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதனால் 18446744073709600000 என்று காட்டுகிறது. இணைய உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் போட்டால் 18446744073709552000 வரும். அது 53 இரும இலக்கங்களுக்கு (0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இலக்கங்கள்) மேல் துல்லியம் காக்காத முறை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த முறைகளில் 2⁶⁴ போட்டாலும், 2⁶⁴ − 1 போட்டாலும் ஒரே விடைதான் வரும். முந்தைய பதிலில் மனதில் வைக்கச் சொன்ன "− 1" அங்கே தொலைந்துபோகிறது. ஒன்று 2-ஐத் தவிர வேறு பகா எண்ணால் வகுபடாத இரட்டை எண். இன்னொன்று 2 எட்டிக்கூடப் பார்க்காத ஒற்றை எண். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் இனி வரும் எதுவும் புரியாது. பைத்தான் போன்ற நிரல் மொழிகளில் முழு எண்ணாகவே போட்டால் இருபது இலக்கமும் சரியாகக் கிடைக்கும்.

அரிசியா எடுத்தா உண்மையில எவ்வளவு இருக்கும்?

ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 32 கட்டங்களுக்கு 4294967295 அரிசி, அதாவது சுமார் 86 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 1,700 மூட்டைக்குச் சற்று மேல். ஒரு பெரிய ஆலைக்காரர் கொடுத்துவிடக் கூடிய அளவுதான். மீதி 32 கட்டங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன. மொத்தம் சுமார் 36,900 கோடி டன் ஆகிறது. உலகம் முழுவதும் இப்போது ஓர் ஆண்டில் கிடைக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் 700 ஆண்டு விளைச்சல்.

இது நம்ம ஊர்க் கதைதானே? திருப்பூவனூர்க் கோயில் கதைன்னு கேள்விப்பட்டேன்.

மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் திருப்பூவனூரில் இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சிவபெருமான் இளவரசியுடன் சதுரங்கம் ஆடி வென்று மணந்தார் என்பது தலவரலாறு. அதில் அரிசியை இரட்டிக்கும் பேச்சு இல்லை. அரிசிக் கணக்கு வருவது கேரளத்து அம்பலப்புழையில். முதியவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர் அரசரைச் சதுரங்கத்தில் வென்று, கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து அரிசி கேட்டார், அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அங்கே பால்பாயசம் வழங்குகிறார்கள் என்று சொல்வார்கள். அரபு, பாரசீக நூல்களிலும் இந்தக் கதை பழையது. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதி வைத்திருக்கிறார்.

5-ல முடியுது, அதனால 5-ஆல வகுபடும். 3, 7, 9 இதெல்லாம்?

3-க்கு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 5-இல் முடிவதும் தற்செயல் இல்லை. 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 64 நான்கின் மடங்கு, அதனால் 2⁶⁴ ஆறில் முடியும். ஒன்று குறைத்தால் 5.

7-ஆல் வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுற்றும். 64-ஐ மூன்றால் வகுக்க மீதி 1, ஆகவே 2⁶⁴-க்கு மீதி 2, நம் எண்ணுக்கு மீதி 1. இருபது இலக்கத்தை நீள வகுத்தல் போடாமலே இவ்வளவும் சொல்லிவிடலாம்.

சரி, இதோட பகா காரணிகள் எல்லாத்தையும் கண்டுபிடிக்க முடியுமா? இவ்வளவு பெரிய எண்ணாச்சே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இருபது இலக்க எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கையால் காரணிப்படுத்தச் சொன்னால் ஆயுள் போதாது. ஆனால் இந்த எண் எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்றுக்கே உதிர்ந்துவிடுகிறது: ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அதன் மூலத்தில் ஒன்று குறைத்ததையும் ஒன்று கூட்டியதையும் பெருக்கியது கிடைக்கும். 16 − 1 = 3 × 5 என்பது மாதிரி.

2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். எனவே 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1). இப்போது 2³² − 1 இருக்கிறதே, அதுவும் அதே வடிவம். அது (2¹⁶ − 1) × (2¹⁶ + 1). மறுபடி 2¹⁶ − 1 உடையும். இப்படி ஆறு முறை உடைத்தால் "− 1" உள்ள பகுதி வெறும் 1 ஆகிவிடும், "+ 1" உள்ளவை மட்டும் மிஞ்சும்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது 4294967297 பகா எண் இல்லை. அது 641 × 6700417. இந்த இரண்டும் பகா எண்கள். ஆக முழு விடை: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. 9-ஆல் வகுபடாது என்று முன்பு இலக்கங்களைக் கூட்டிச் சொன்னது இங்கே நேரடியாகவே தெரிகிறது.

அந்த 641 எப்படிங்க வந்துச்சு? யாருக்குத் தோணும்?

கணித மேதை ஆய்லருக்குத் தோன்றியது, 1732-இல். அதற்கு முன் ஒரு சிறு வரலாறு உண்டு. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1640-இல், 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, இதே வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். அடுத்து வருவது 4294967297. அதையே ஆய்லர் உடைத்துக் காட்டினார்.

அவர் கண்மூடித்தனமாக 3, 7, 11 என்று வகுத்துப் பார்க்கவில்லை. 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தான் வர வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டார். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொண்டது! பின்னாளில் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 64-க்குப் பதில் 128 என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 257, 641 என்ற இரண்டே. எங்கே தேடக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய லாபம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

வகுத்தலே போடாம 641 காரணிதான்னு காட்ட முடியுமா?

முடியும். இதற்கு 641-ஐ இரண்டு விதமாக எழுத வேண்டும். ஒன்று, 641 = 640 + 1, இதில் 640 = 5 × 2⁷. இன்னொன்று, 641 = 625 + 16 = 5⁴ + 2⁴.

முதலில் 640⁴ − 1-ஐ எடுங்கள். அதே முற்றொருமைப்படி அது 639 × 641 × (640² + 1). ஆகவே 641-இன் மடங்கு. 640⁴ என்பது 5⁴ × 2²⁸. அப்படியானால் 5⁴ × 2²⁸ − 1 என்பது 641-இன் மடங்கு. அடுத்து, இரண்டாவது வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்குங்கள்: 5⁴ × 2²⁸ + 2³². இது 641 × 2²⁸, ஆகவே இதுவும் 641-இன் மடங்கு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 5⁴ × 2²⁸ அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 2³² + 1. இரண்டு மடங்குகளின் வித்தியாசமும் மடங்குதானே. முடிந்தது.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், ஆக 2⁷. நம் எண் முழு வர்க்கம் இல்லை என்பதால் வகுத்திகள் ஜோடி ஜோடியாக அமையும்: ஒன்றை இன்னொன்றால் பெருக்கினால் முழு எண் வரும். 128 வகுத்திகள் என்றால் சரியாக 64 ஜோடி, கட்டத்துக்கு ஒரு ஜோடி.

வர்க்கம் இல்லைன்னு எப்படித் தெரியும்? ரெண்டு வர்க்கங்களோட கூட்டலாவாவது இருக்குமா?

இரண்டும் இல்லை. 2⁶⁴ நான்கால் வகுபடும், ஒன்று குறைத்தால் மீதி 3. எந்த வர்க்கத்தை நான்கால் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1 மட்டுமே. எந்த இரண்டு மீதிகளைக் கூட்டினாலும் 0, 1, 2 தான் கிடைக்கும், 3 வராது.

2-இன் அடுக்குல ஒண்ணு குறைச்சா பகா எண் வரும்னு படிச்சேனே?

சில அடுக்குகளுக்கு வரும். அந்த அடுக்கே பகா எண்ணாக இருந்தால்தான் வாய்ப்பு உண்டு, இருந்தாலும் உறுதி இல்லை. 64-ஐ 2, 4, 8, 16, 32 வகுப்பதால் 2² − 1, 2⁴ − 1, 2⁸ − 1, 2¹⁶ − 1, 2³² − 1 எல்லாமே 2⁶⁴ − 1-ஐ வகுத்துவிடும். அதாவது 3, 15, 255, 65535, 4294967295.

பக்கத்தில் பார்த்தால் 61 பகா எண், 2⁶¹ − 1-உம் பகா எண். 2305843009213693951. இதை 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் நிரூபித்தார். 2⁶⁴-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் எது என்றும் கேட்பார்கள். அது 2⁶⁴ − 59, அதாவது 18446744073709551557.

கம்ப்யூட்டர்ல இதே எண் அடிக்கடி கண்ணுல படுதே, ஏன்?

கணினி எண்ணை 0, 1 என்ற இரும இலக்கங்களாக வைக்கிறது. 64 இடங்களிலும் 1 போட்டால் அதன் மதிப்பு 1 + 2 + 4 + ... என்று 64 உறுப்புகள், அதாவது சதுரங்கப் பலகையேதான். எனவே 64 பிட்டில் (பிட் என்பது ஓர் இரும இலக்கம்) வைக்கக் கூடிய மிகப் பெரிய குறியில்லா எண், அதாவது கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத எண், இது. இதனுடன் 1 கூட்டினால் இடம் போதாமல் எல்லாம் சுழியமாகிவிடும். மென்பொருள் பதிவுகளில் இந்த எண் திடீரென்று தெரிந்தால், பெரும்பாலும் யாரோ சுழியத்தில் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள், அல்லது −1-ஐக் குறியில்லா எண்ணாக வாசித்திருக்கிறார்கள். முதலில் அங்கே தேடுங்கள்.

குறியுள்ள எண் என்றால் ஓர் இடம் குறிக்குப் போய்விடும். உச்சம் 2⁶³ − 1, அதாவது 9223372036854775807. 32 பிட்டில் அதே உச்சம் 2147483647. 2014-இல் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை அந்த அளவைத் தாண்டியபோதுதான் யூடியூபின் எண்ணி 64 பிட்டுக்கு மாறிய செய்தி பரவியது. இந்த 2147483647 பகா எண் என்று நிரூபித்தவரும் ஆய்லரே.

ஹனோய் கோபுரத்துலயும் இதே எண்ணா?

ஆமாம். 641 பற்றிய பதிலில் வந்த லூக்கா 1883-இல் வெளியிட்ட புதிர் அது. மூன்று கம்பம், 64 தட்டு, பெரியதைச் சிறியதன் மேல் வைக்கக் கூடாது. மேலே உள்ள 63 தட்டை ஒதுக்கி, அடித்தட்டை நகர்த்தி, 63-ஐத் திரும்ப அதன் மேல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டு கூடும்போதும் நகர்த்தல் இரு மடங்கும் ஒன்றும் ஆகிறது: 1, 3, 7, 15... நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் ஏறக்குறைய 58,450 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

ஒரு கஷ்டமான கேள்வி. 4294967295 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் காம்பஸ், அளவுகோல் வைத்து வரையலாமாம். அப்ப 18446744073709551615 பக்கத்தையும் வரையலாமா?

வரைய முடியாது. தடுப்பது 641.

ஜெர்மானியக் கணிதர் காஸ் 1796-இல், பதினெட்டு வயதில், 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரையலாம் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த பொது விதி: பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது ஃபெர்மாவின் வரிசையில் உள்ள பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் எடுத்துப் பெருக்கியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடியவே முடியாது என்ற மறுபாதியை வான்ட்செல் என்ற கணிதர் 1837-இல் நிரூபித்தார். அந்த வரிசையில் நமக்குத் தெரிந்த பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 மட்டும். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. காரணிகள் பற்றிய பதிலில் பார்த்த 2³² − 1 இதுவே. ஒற்றைப்படைப் பக்கங்களில் வரைய முடியும் என்று இன்று தெரிந்த மிகப் பெரியது இது. 65537 பக்கத்துக்கு மட்டும் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து 1894-இல் முடித்த கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது.

4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் நம் இருபது இலக்க எண்ணும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். அது 641 × 6700417 என்று உடைந்ததால் சேரவில்லை. வேறு ஃபெர்மா பகா எண் எங்காவது இருக்கிறதா என்பதற்கும் இன்னும் விடை இல்லை. 2-ஐ 2⁵ அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டியதில் தொடங்கி 2³² அடுக்கு வரை வரிசையில் உள்ள எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்தது, 2³³ அடுக்கு, பகா எண்ணா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.